நாலு கம்பி, மூணு குமிழ்

போன இதழில் பேஸ் கிட்டார் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசி ஜாஸ் பேஸ் பற்றித்தான். இடுப்பு கொஞ்சம் கோணலாக, ரெண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் காந்தச் சுருள்), ரெண்டு வால்யூம், ஒரு டோன் என்று மூணு குமிழோடு இருக்குமே, அது. ஃபெண்டர் கம்பெனி 1960இல் கொண்டுவந்த வடிவம். அதற்கப்புறம் நகல் எடுக்காத கம்பெனி குறைவு. என் கையில் இருப்பதும் ஒரு நகல்தான். கோயில் கொடை மேடை, கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் கச்சேரி எல்லாவற்றுக்கும் அதையே தூக்கிக்கொண்டு அலைகிறேன், ஆகவே நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணாச்சி, செகண்ட் ஹேண்டில் ஒரு ஜாஸ் பேஸ் வாங்கினேன். ரெண்டு வால்யூமும் முழுசாக இருந்தால் சத்தம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றைக் குறைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. கொடையில் ஜெனரேட்டர் போட்டதும் இன்னும் மோசம். பிக்கப் போய்விட்டதா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

போகவில்லை தம்பி, அது பிறவிக்குணம். ரெண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள் வகை. ஒன்றில் கம்பி சுற்றிய திசையும் காந்தத்தின் துருவமும் மற்றதற்கு நேர் எதிராக இருக்கும். அதனால் ரெண்டும் சமமாகத் திறந்திருக்கும்போது கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், நாதம் மட்டும் மிஞ்சும். ஒன்றைக் குறைத்தீர்களோ, கணக்கு தப்பிவிடும்.

செலவு செய்யும் முன் ரெண்டு சோதனை. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் உள்ளே இரைச்சலைத் தடுக்கும் மூடாக்கு (ஷீல்டிங்) போதவில்லை. குமிழ்கள் இருக்கும் குழியிலும் பிக்கப் குழியிலும் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்து ஈயம் வைத்தால் நன்றாகக் குறையும். நின்ற இடத்திலேயே மெள்ளச் சுற்றினால் இரைச்சல் ஏறி இறங்குகிறதா? அது டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் செட் மாதிரிப் பொருட்களின் காந்தப்புலம், அதற்குத் தகடு உதவாது. ரெண்டு குமிழையும் சமமாக வைத்து வாசியுங்கள், இல்லையென்றால் அதே அளவுக் கூட்டுக்குள் ரெண்டு சுருள் வைத்த இரைச்சலில்லாத பிக்கப் வாங்குங்கள்.

தகடு ஒட்டும்போது, ஒயர் குத்துகிற ஜாக்கின் முனை தகட்டில் படாமல் பாருங்கள். நான் ஒட்டிய முதல் தடவை, வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மேடையில் ஒயரைக் குத்தியதும் ஜாக்கின் நாக்கு விரிந்து தகட்டில் முட்டிக்கொண்டது, பேஸ் ஊமை. மூணு பாட்டு முடியும்வரை சும்மா தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

இன்னொன்று. ஜெனரேட்டர் மேடையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்தால் சுள்ளென்று அடிக்கிறதா? அது பேஸின் குற்றமில்லை, எர்த் குற்றம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்க்காமல் வாசிக்காதீர்கள். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

பழைய பாட்டுகளில் வருகிற உருண்டையான சத்தம் வேண்டும். விலை கூடிய பிக்கப் வாங்கலாமா?
– வள்ளியூரிலிருந்து ஒருவர்

முதலில் கம்பியை மாற்றுங்கள். உங்கள் பேஸில் இப்போது இருப்பது அநேகமாக ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது), நகத்தால் உரசினால் ‘கிர்’ என்னும். ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) வழவழவென்று இருக்கும், மேல் சத்தம் குறைந்து அடிச்சத்தம் பழுத்து வரும். அமெரிக்காவின் மோடவுன் ரெக்கார்ட் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டரின் இன்னொரு வடிவமான பிரிசிஷன் பேஸில், 1962 மாடலில், ஃபிளாட் கம்பிதான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், அவர் விரல் வேறு.

அப்புறம் டோன் குமிழின் கெபாசிட்டர். வழக்கமாக 0.047 மைக்ரோஃபாரட் இருக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் 0.1 வாங்கி மாற்றினால், குமிழைக் குறைக்கும்போது சத்தம் இன்னும் இருட்டாகும். டீ வாங்குகிற காசுதான் ஆகும். குமிழை முழுசாகத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது, அவர்கள் டீயே குடிக்கலாம்.

இதுவும் போதவில்லை என்றால் இழுத்தால் சுவிட்சாக மாறும் 250கே (கிலோ ஓம்) குமிழ் ஒன்று போடுங்கள். ரெண்டு பிக்கப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்துவிட்டால் சத்தம் தடித்து, நடுப்பகுதி முன்னால் வரும். கட்டையில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். பிடிக்கவில்லையா, பழைய குமிழைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். மாற்றத்தில் எனக்குப் பிடித்தது இந்த ரகம்தான். கட்டையைக் கொத்துகிற வேலையை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சர்ச் கொயரில் வாசிக்கிறேன் அண்ணா. கை சின்னது, முதல் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோக மெட்டு) பக்கம் சுண்டுவிரல் எட்டவில்லை. தோளும் வலிக்கிறது. பேஸை மாற்றிவிடவா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

மாற்ற வேண்டாம் தங்கச்சி. ஜாஸ் பேஸின் கழுத்து, தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட் அருகே சுமார் 38 மில்லிமீட்டர் அகலம்தான், சின்னக் கைக்கு அதைவிடத் தோதான 34 அங்குலக் கம்பி நீள பேஸ் தேடுவது கஷ்டம். அடி ஃப்ரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆட்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்றாக, மூணு ஃப்ரெட்டுக்குள் வாசியுங்கள். நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். கழுத்து கீழே சாய்வதால்தான் தோள் வலிக்கும், உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பட்டை போடுங்கள். எடை குறைந்த ட்யூனிங் கீ போட்டாலும் சாய்வது குறையும். இவ்வளவும் செய்து சரிவரவில்லை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேலை யோசிக்கலாம்.

ஃப்ரெட் எல்லாவற்றையும் குறடு வைத்துப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கப்போகிறேன். ஜாக்கோ செய்ததுதானே?
– கடையநல்லூர் வாசகர்

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ்தானே? அதைப் பார்த்துக் குறடு எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஃப்ரெட்டைச் சூடு காட்டாமல் இழுத்தால் மரம் சில்லுசில்லாகப் பெயர்ந்து வரும். ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னால் சூடேற்றி, வாய் தட்டையான குறடால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். பள்ளத்தில் மெல்லிய மரப்பட்டை வைத்து ஒட்டி இழைக்க வேண்டும். ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தை அரம் மாதிரி தின்றுவிடும், அதற்காகத்தான் ஜாக்கோ படகுக்குப் பூசும் எபாக்ஸி பிசினைப் பூசிக் கடினமாக்கினார். முடிந்ததா என்றால் இல்லை, ஃப்ரெட் உயரம் போன அளவுக்கு நட்டிலும் கம்பியின் மறுமுனை உட்காரும் பிரிட்ஜிலும் கம்பியை இறக்க வேண்டும்.

பேசாமல் தனியாக ஒரு ஃப்ரெட்லெஸ் கழுத்து வாங்குங்கள். நாலு ஸ்க்ரூதான், பொருந்தும் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீணையில் 24 மெட்டையும் மெழுகில் உட்கார வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாங்குகிறோம். ஃப்ரெட்லெஸ்ஸில், மெட்டே இல்லாத சித்திரவீணை மாதிரி வழுக்கிக்கொண்டே போகலாம், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஒன்று நினைவில் இருக்கட்டும், ஃப்ரெட் இருந்தால் விரல் அதற்குச் சற்றுப் பின்னால், இல்லாவிட்டால் கோட்டின் மேலேயே. முதல் மாசம் வீட்டிலிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாரல் ஆரம்பித்தாலே என் பேஸ் கம்பி ‘கிரீச்’ என்கிறது. திருகு எங்கே, எவ்வளவு?
– தென்காசி வாசகர்

ஈரக்காற்றில் மரம் அசையும். எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு குணம். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள், ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இடைவெளியே இல்லையா, ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகு) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். அதிகமா, வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் அன்றைக்குத் தொடாதீர்கள், மறுநாள் பாருங்கள். திருகு வர மறுத்தால் பலம் காட்டாமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மேடையில் நம்ம பேஸ் யாருக்கும் கேக்கவே இல்லையே, வே. என்னத்துக்கு வாசிக்கிறோம்?
– பெயர் வேண்டாம் என்றவர், முக்கூடல்

நியாயமான வயித்தெரிச்சல். அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அதைக் குழாய் ஸ்பீக்கரும் தராது, செல்போனும் தராது. நீர் என்ன செய்கிறீர், கேட்கவில்லை என்று ஆம்பில் பேஸ் குமிழை ஏற்றுகிறீர், அது ட்ரம்ஸோடு கலந்து வெறும் உறுமலாகிவிடும். அதைக் குறைத்து நடுக்குமிழை ஏற்றும், 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் கூட வையும். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவரைக் கவனித்திருக்கிறீரா? யாரும் அவரைப் பார்ப்பதில்லை, ஆனால் அவர் ஒரு அடி விட்டால் பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

மாசம் ஒரு பாகத்தை மாற்றாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வீட்டில் திட்டுகிறார்கள். இதற்கு மருந்து உண்டா?
– சேரன்மகாதேவி வாசகர்

என் பேஸில் கம்பெனி போட்டு அனுப்பியது இப்போது உடம்புக் கட்டையும் ஒரு குமிழும்தான். அந்தக் குமிழும் போன வாரத்திலிருந்து மேஜை டிராயரில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் தெரியாது.