பழைய பிக்கப் டிரக்கின் வசதிகள்: எவற்றை நம்பி வாங்கலாம்?

வாசகர் கேள்வி: டெக்சாஸில் நகருக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலத்துடன் வீடு வாங்கியிருக்கிறோம். வேலி போடவும் ஆடுகளுக்கு வைக்கோல் கொண்டுவரவும் ஒரு பிக்கப் தேவைப்படுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் தம்முடைய 1978ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 வண்டியை விற்க முன்வந்திருக்கிறார். ஆறு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், பின்னால் சரக்கு ஏற்ற எட்டு அடித் தொட்டி. கதவின் முன்மூலையில் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி, இரண்டு பெட்ரோல் டாங்க், ஒரே நீள முன் இருக்கை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இவையெல்லாம் இப்போது வரும் வண்டிகளில் கிடையாது என்கிறார். அவர் சொல்வது பழைய வண்டியின் மீதுள்ள பாசமா, இல்லை உண்மையிலேயே பயன் உண்டா? புதிய வண்டி வாங்குவதே மேலா?

பதில்: பாசமும் உண்டு, பயனும் உண்டு. ஆனால் அவர் முதலில் காட்டிய வசதிகளைவிட, காட்டாமல் விட்ட ஒன்றுதான் உங்கள் வேலைக்கு முக்கியமானது. அது தொட்டியின் உயரம். பின்சக்கர இயக்கமுள்ள பழைய எஃப்-150இன் பக்கத்தில் தரையில் நின்றபடியே சுவரின் மேல் கையை நீட்டி, உள்ளே கிடக்கும் ஆணிப் பெட்டியையோ கம்பிச் சுருளையோ எடுத்துவிடலாம். வைக்கோல் கட்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் டெயில்கேட்டின், அதாவது கீழ்நோக்கித் திறக்கும் பின்கதவின், மேல் வைத்துவிடலாம். இன்றைய வண்டிகளில் தளமும் உயர்ந்துவிட்டது, பக்கச் சுவரும் உயர்ந்துவிட்டது. 2008ஆம் ஆண்டு மாடல் சூப்பர் டியூட்டி என்ற கனரக பிக்கப்களில் ஃபோர்டு நிறுவனம் டெயில்கேட்டிலேயே மடக்குப் படி வைத்ததும், பின்னர் மற்ற நிறுவனங்கள் பம்பர் மூலையில் கால் வைக்கப் பள்ளம் அமைத்ததும் புதுமை என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், உயரத்தைக் கூட்டியதால் வந்த சிரமத்துக்கான பரிகாரம் என்றே நான் அவற்றைக் கருதுகிறேன்.

அடுத்தது தொட்டியின் நீளம். அமெரிக்காவில் ஒட்டுப்பலகை பெரும்பாலும் நான்குக்கு எட்டு அடி அளவில்தான் விற்கப்படுகிறது. உங்கள் பண்ணைக்காரரின் வண்டியில் தொட்டிக்குள் சக்கரங்களுக்கு மேலே புடைத்திருக்கும் மேடுகளுக்கு இடையே சுமார் 50 அங்குலம் இருப்பதால், 48 அங்குல அகலப் பலகை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், டெயில்கேட்டையும் மூடிவிடலாம். இப்போது பரவலாக விற்பனையாகும் நான்கு கதவு வண்டிகளில் தொட்டி ஐந்தரை அடிதான். டெயில்கேட்டைத் திறந்து போட்டாலும் மேலும் சுமார் இரண்டு அடிதான் கிடைக்கும் என்பதால், பலகை அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு பலகை ஏற்றுபவருக்கு இது பெரிதல்ல. ஐந்து ஏக்கருக்கு வேலி போடப்போகும் உங்களுக்கு வாரந்தோறும் உறுத்தும்.

மூன்றாவது, எஞ்சினை எளிதாக எட்டிவிட முடிவது. 1965 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட அந்த 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு ஆள் காலை உள்ளே வைத்து நின்று வேலை செய்யும் அளவுக்கு இடம் உண்டு. ஆறு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே வரிசையில் கைக்கு எட்டும். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது பெல்ட்டும் அல்ல, செயினும் அல்ல, பல்சக்கரம். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர்கூட ஒரு சனிக்கிழமையில் இந்த எஞ்சினில் வேலை கற்றுக்கொள்ளலாம் என்பதைப் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பண்ணைக்காரர் பெருமையாகக் காட்டிய மற்றவற்றுக்கு வருவோம். முக்கோணக் கண்ணாடியை அம்பாசிடர் காரில் பயணம் செய்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைச் சற்றே திறந்தால் உள்ளே இருக்கும் வெப்பக்காற்றை வெளியே இழுக்கும், முழுவதும் திருப்பினால் வெளிக்காற்றை நேராக முகத்தில் அடிக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆயினும் டெக்சாஸின் ஆகஸ்ட் மாதத்தில் ஏசிக்கு அது ஈடாகாது, ரப்பர் இறுகிப்போன பின் மழைநீரையும் காற்றிரைச்சலையும் உள்ளே விடும். கதவுக்கு மேலே கூரையோரம் ஓடும் மழைநீர்க் காடி இதைவிடப் பயனுள்ளது. மழை நின்றதும் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் மடியில் கொட்டாது, ஏணி கட்டும் சட்டத்தையும் அதில் மாட்டலாம். ஆனால் பழைய வண்டியில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், அதன் இணைப்பை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். இடது காலால் மிதித்து விளக்கைத் தாழ்த்தும் தரைச் சுவிட்ச், சேற்றுச் செருப்போடு ஏறும் பண்ணை வண்டியில் உள்ளே அரித்துவிடுவது வழக்கம். விலை குறைந்த பாகம், மாற்றிவிடலாம்.

இரண்டு டாங்க்குகள் உண்மையிலேயே நல்ல வசதி. ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நடுவழியில் நிற்கும் கவலை இல்லை. ஆனால் வண்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே டாங்க்கைப் பயன்படுத்திக்கொண்டு, மற்றதில் ஆண்டுக்கணக்கில் பழைய பெட்ரோலைத் தேங்கவிட்டிருப்பார்கள். இன்று பெரும்பாலும் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. 1978ஆம் ஆண்டின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே விலை பேசும்போதே எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நீள இருக்கையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூவர் அமரலாம் என்பது உண்மை, ஆனால் நடுவில் அமர்பவருக்கு இடுப்பு வார் மட்டுமே இருக்கும். பின்னந்தலையைத் தாங்கும் அணை கிடையாது. எஃப்-150இல் ஓட்டுநருக்கான ஏர்பேக் 1994ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது, பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 1987இல்தான் வந்தது. குழந்தை இருக்கையை உறுதியாக மாட்டுவதற்கான கீழ்க் கொக்கிகள் 2002க்குப் பிறகே எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாயின. எனவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதற்கு இந்த வண்டி வேண்டாம். இதில் சமரசம் செய்துகொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்: 1973க்கு முந்தைய ஃபோர்டு பிக்கப்களில் பெட்ரோல் டாங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. அத்தகைய வண்டி கைக்கு வந்திருந்தால் விலை கேட்காமலே மறுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

குடும்பத்துக்கு வேறு கார் இருந்து, இந்த வண்டி நிலத்துக்கும் அருகிலுள்ள தீவனக் கடைக்கும் மட்டும் போய்வரும் என்றால் வாங்கலாம். ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள நினைத்தால், இரண்டு கதவும் எட்டு அடித் தொட்டியும் உள்ள, அதிக வயதாகாத வண்டியைத் தேடுங்கள். அவை விற்பனை மையங்களில் முன்வரிசையில் நிற்பதில்லை, பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள் வாங்கும் மாடல்கள் என்பதால் கேட்டால்தான் காட்டுவார்கள். முக்கோணக் கண்ணாடி இல்லையே என்று நீங்கள் ஏங்கப் போவதில்லை, தொட்டி குட்டையாக இருந்தால் ஏங்குவீர்கள்.

பண்ணைக்காரரின் வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் விளக்கு கொண்டுபோய், கேபினின் பின்மூலைகளையும், கேபினைச் சேசிஸில் தாங்கும் இடங்களையும், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும் அடியிலிருந்து பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டு ஐ-பீம் சட்டங்களில் தொங்குபவை என்பதால், டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றின் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் போயிருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முன்பக்கத்திலிருந்து பல்சக்கரம் உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, ஓட்டிப் பார்க்கும்போது பெட்ரோல் சுவிட்சை இரண்டாவது டாங்க்குக்கு மாற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது அதிலேயே ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பதால், அதற்குள் திரும்பிவிட்டால் அந்த டாங்க்கின் உண்மை நிலை உங்களுக்குத் தெரியாது.