சிப்பிப்பாறைக்கு மசில் பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என்னிடம் 14 மாத ஆண் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. எடை 18 கிலோ. தோட்டத்தில் காவல், பகலில் ஆடுகளோடு போய் வரும். தை மாதம் பக்கத்து ஊரில் நடக்கும் ஓட்டப் போட்டிக்கும் தயார் செய்கிறேன். தினமும் பைக்கோடு கட்டி 5 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். காலையில் பால், மதியமும் ராத்திரியும் தயிர்ச்சோறு, ஞாயிற்றுக்கிழமை கறி. எவ்வளவு போட்டாலும் சதை பிடிக்கவில்லை, விலா தெரிகிறது. பின்னந்தொடை மெலிவு, அதிலும் இடது தொடை இன்னும் மெலிவு. கடையில் நாய்க்கான மசில் பவுடர் என்று ஒரு கிலோ டப்பா 1,900 ரூபாய்க்குத் தருகிறார்கள். புரதம் 22 சதவீதம், தினமும் 20 கிராம் போடச் சொல்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் நண்பன் தன்னுடைய வே புரோட்டீனையே (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) கொடுக்கச் சொல்கிறான். இன்னொருவர் ஊசி போட்டால் ஒரே மாதத்தில் ஏறும் என்கிறார். எதைச் செய்யட்டும்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: டப்பா இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும். ஊசிப் பக்கம் போகவே வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த இடது தொடைதான் என்னை உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் தட்டைப் பார்ப்போம்.

ஓடியாடும் 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி வேண்டும். அதில் புரதம் 70 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நீங்கள் போடுவது என்ன? வடித்த சோறு 100 கிராமில் புரதம் 3 கிராம்கூட இல்லை. முக்கால் கிலோ சோறு, ஒரு டம்ளர் பால், கொஞ்சம் தயிர் என்று எப்படிக் கூட்டினாலும் 35 கிராமைத் தாண்டாது. வயிறு நிறைகிறது, கலோரியும் போகிறது, ஆனால் தசை கட்டுவதற்கான சரக்கு பாதிதான். ஞாயிற்றுக்கிழமைக் கறி ஞாயிற்றுக்கிழமையோடு சரி. உடம்பு கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமித்து வைக்காது.

இதன் மேல் அந்தப் பொடியைப் போடுங்கள். 20 கிராமில் 22 சதவீதம் என்றால் 4.4 கிராம் புரதம். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஆக, நீங்கள் தினமும் கொடுக்கப்போவது ஒரு முட்டைக்கும் குறைவு. டப்பா முழுவதும் சேர்த்து 220 கிராம் புரதம், அதாவது 37 முட்டை. 1,900 ரூபாய்க்கு எத்தனை முட்டை வரும் என்று உங்கள் ஊர்க் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

"புரதம் மட்டுமா, உள்ளே கிரியேட்டின் இருக்கிறது, பிசிஏஏ இருக்கிறது" என்பார் கடைக்காரர். பிசிஏஏ என்பது மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் மூன்று. முட்டையிலும் கறியிலும் மீனிலும் அவை தாராளமாக இருக்கின்றன. தசைக்குச் சட்டென ஆற்றல் தரும் கிரியேட்டினை நாயின் உடம்பே தயாரிக்கிறது, கறியிலிருந்தும் கிடைக்கிறது. மனிதர்களில் குறுகிய வேக ஓட்டத்துக்கும் பளு தூக்குவதற்கும் அது ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆரோக்கியமான நாய் அதைத் தின்று வேகமாக ஓடியது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. ஒரு மருந்து விற்பனைக்கு வரக் கேட்கப்படும் சான்று சத்துப் பொடிகளுக்குக் கேட்கப்படுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். டப்பாவின் மேல் புடைத்த மார்போடு நிற்கும் நாயின் படம் சான்று ஆகாது.

அப்படியானால் பொடி வாங்கியவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. ஆனால் டப்பா வாங்குகிறவர் அதை மட்டும் வாங்குவதில்லை. ஆர்வத்தில் முட்டையும் சேர்ப்பார், பூச்சி மருந்து கொடுப்பார், ஒழுங்காக ஓட்டத்துக்கும் கூட்டிப் போவார். அதோடு ஒன்றேகால், ஒன்றரை வயதில் இந்த நாய்கள் உயரம் நின்று மார்பும் தொடையும் தாமாகவே நிறையத் தொடங்கும். டப்பா வாங்கும் வயதும் சதை ஏறும் வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. பெயர் டப்பாவுக்குப் போகிறது.

சரி, தட்டில் என்ன போடலாம்? நாளுக்கு 4 வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி 200 கிராம், சோறு 400 கிராம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இதில் ஏறக்குறைய 75 கிராம் புரதமும் உங்கள் நாய்க்கு வேண்டிய 1,200 கலோரியும் வந்துவிடும். செலவைப் பார்த்துக் கோழிக்குப் பதில் சில நாள் முள் எடுத்த சாளை மீன் போடலாம். ஈரல் வாரம் இரண்டு நாள், கையளவு போதும். வெங்காயம் போட்ட குழம்பு கூடாது. கோழிக்கடையில் சும்மா கிடைக்கும் காலும் தலையும் பெரும்பாலும் தோலும் எலும்பும்தான், அதைக் கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாக இடித்து முக்கால் டீஸ்பூன் சோற்றில் கலந்தால் சுண்ணாம்புச் சத்துக் கணக்கும் சரியாகும். கால்சியம் டானிக் தனியாக வேண்டாம். இதையே பல மாதம் தொடர்வதாக இருந்தால், துத்தநாகம், அயோடின் போன்றவை குறையாமல் இருக்க உங்கள் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள். ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள், இல்லையென்றால் கழிச்சல்தான்.

உலகத்திலேயே கடுமையாக உழைக்கும் நாய்கள் அலாஸ்காவின் பனிச்சறுக்கு வண்டி நாய்கள். 1973 முதல் நடக்கும் இடிடரோட் பந்தயத்தில் சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகின்றன, ஒரு நாளைக்கு ஒரு நாய் 10,000 கலோரி வரை எரிக்கிறது. அவற்றுக்குப் போடுவது முக்கியமாகக் கொழுப்புள்ள இறைச்சி. நம்மைப் போல மாவுச்சத்தை நம்பாமல் கொழுப்பை எரித்து நெடுந்தூரம் ஓடும் உடம்பு நாயுடையது. அந்த நாய்களை வைத்து நடந்த ஆய்வில், உணவில் புரதம் குறைந்தபோது காயங்கள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே புரதக் குறைவு சாதாரண விஷயம் இல்லை. ஆனால் தேவையான அளவு கிடைத்த பிறகு மேலே மேலே கொட்டினால் தசையாக மாறாது, சும்மா எரிந்து போகும்.

இன்னொன்றும் இருக்கிறது, பிறப்பு. இங்கிலாந்தின் விப்பெட் ஓட்ட நாய்களில் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு பழுது இருப்பதை 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருந்த நாய்கள் வேகமானவர்கள் பட்டியலில் அதிகம் இருந்தன. இரண்டு பிரதியும் பழுதானவை மல்யுத்த வீரர்போலப் புடைத்துத் திரண்டன, ஆனால் பந்தயத்துக்கு ஆகவில்லை. பார்வைக்குப் பெரிய சதையும் ஓட்டத்துக்கு நல்ல சதையும் ஒன்றல்ல. சிப்பிப்பாறையின் அழகே அந்த ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும்தான். அதைப் பிட்புல் மாதிரி ஆக்கினால் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. எல்லா விலாவும் எண்ணும்படி இருந்து, முதுகெலும்பும் இடுப்பு எலும்பின் முனையும் துருத்தினால்தான் மெலிவு.

நண்பனின் வே புரோட்டீன் டப்பாவை நாயிடமிருந்து எட்டத்தில் வையுங்கள். மனிதர்களுக்கான சில பொடிகளிலும் பார்களிலும் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பதுண்டு. நமக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சைலிட்டால், ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென இறக்கிவிடும். உங்கள் நாய்க்கு 2 கிராம் போதும். அளவு கூடினால் ஈரல் போய்விடும். சாக்லேட் சுவை, ஜிம்முக்கு முன் குடிக்கும் காஃபின் பொடி, இவையும் நாய்க்கு விஷம்தான்.

ஊசி விஷயத்துக்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் நாயைக் கொண்டுவந்தார். "நல்லா குண்டாச்சு டாக்டர், ஆனா படியேற மாட்டேங்குது." வயிறு பானை, தொடை குச்சி, முதுகு முடி உதிர்ந்து தோல் காகிதமாக இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் கொடுத்தது கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு. அது பசியைக் கிளப்பும், எடை காட்டும், ஆனால் தசையைக் கரைக்கும். தசை ஏற்றும் வகை ஸ்டீராய்டு வேறு. அது ஈரலையும் விரைகளையும் பதம் பார்க்கும். ஊசி போடச் சொன்னவருக்கு எந்த வகை என்றாவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பைக்கோடு கட்டி ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். நாய் களைத்தாலும் நிற்க முடியாது, தார் ரோடு பாதத்தை அறுக்கும், நம் பக்கத்து வெயிலில் உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, ஒரே சீரான ஓட்டத்தால் வேக ஓட்டத்துக்கான தொடைத் தசை வளராது. கண்மாய்க் கரை ஏற்றம், வாய்க்கால் மணல், தண்ணீர் இருக்கும் மாதத்தில் நீச்சல், நடுநடுவே குட்டிக் குட்டியாக முழு வேகத்தில் சில ஓட்டங்கள், விடியற்காலையில், வாரம் நான்கு நாள். மீதி நாள் ஆட்டோடு நடக்கட்டும். ஓட்டத்துக்கு முன் வயிறு காலியாக இருக்கட்டும், ஓடி முடித்து மூச்சு அடங்கிய பிறகு சாப்பாடு. இந்த ஆழ மார்பு நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. (ஓட்டம் போட்டிக்கு மட்டும்தானே? முயலுக்கு என்றால் 1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும், நானும் நிற்பேன்.)

தட்டை மாற்றி ஆறு வாரமாகியும் ஏறவில்லை என்று காத்திருக்காமல் இப்போதே மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். ஆட்டோடு அலையும் நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் பல நாய்களில் காய்ச்சலே காட்டாமல் மாதக்கணக்கில் உருக்கும். கொக்கிப் புழுவும் அப்படித்தான், சோற்றுக்கு முன்னால் ரத்தத்தைக் குடித்துவிடும். ரத்தத் தட்டணுக்களையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பிப்பாறை போன்ற ஓட்ட நாய்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் மற்ற நாய்களைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், "நார்மல்" என்று வந்தாலும் கீழ் எல்லையை ஒட்டியிருந்தால் கவனியுங்கள்.

இனி அந்த இடது தொடை. சாப்பாட்டுக் குறைவு என்றால் இரண்டு தொடையும் சேர்ந்து மெலியும். ஒன்று மட்டும் மெலிந்தால் அந்தக் காலை நாய் மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம், அதாவது வலி. முழங்கால் சில்லு நகர்வதாக இருக்கலாம், முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம், இடுப்பு மூட்டாகவும் இருக்கலாம். தினமும் 5 கிலோமீட்டர் தார் ரோடு அதற்கு மேல் மிதிக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பொடி போட்டாலும் அந்தத் தொடை ஏறாது.

சதைப் பொடி வகையில் ஓரளவு ஆய்வு இருப்பதும் இந்த இடத்தில்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த 100 நாய்களைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கருவுற்ற முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவுப்படி, கட்டாய ஓய்வில் தொடைச் சதை கரைவது அந்த நாய்களில் குறைந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அசையாமல் கிடக்கும் நாயின் சதை கரையாமல் காப்பது வேறு, ஓடும் நாய்க்குப் புதிதாகச் சதை ஏற்றுவது வேறு. உங்கள் நாய்க்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அப்போது மருத்துவரிடம் இதைப் பேசலாம்.

வீட்டில் தையல் டேப் இருக்கிறதா? நாயை நிற்கவைத்து, இரண்டு பின்னந்தொடையையும் இடுப்புக்குக் கீழே ஒரே உயரத்தில் சுற்றி அளந்து எழுதுங்கள். படுத்து எழும்போது முதல் நாலு அடி எப்படி வைக்கிறது என்று போனில் ஒரு வீடியோவும் எடுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போய் முழங்காலையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை ஓட்டம் வேண்டாம், கயிற்றில் நடை மட்டும்.