சோலார் ஹீட்டருக்கு ஃபில்டர் வைத்தால் வெந்நீர் சரியாக வருமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. நான்கு வருடங்களுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்துக் கொடுத்தான். கண்ணாடிக் குழல் வகை. தண்ணீர் போர்வெல்லில் இருந்துதான். பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது; வெந்நீர் மட்டும் வரவரக் குறைந்து இப்போது நூலாக வருகிறது. இரண்டாம் கட்டுக் குளியலறைக் கீசர் சூடேறும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது. மேல்தொட்டிக்கும் ஹீட்டருக்கும் நடுவே கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் பிளம்பர். மாசியில் பேத்தி கல்யாணம். போடலாமா?

பதில்: ஆச்சி, ஃபில்டர் போடுவதில் தவறில்லை. ஆனால் பிளம்பர் சொல்லும் இடத்தில் வேண்டாம்; இப்போதுள்ள கோளாறும் அதனால் தீராது.

மண்ணும் மணலும் அடைத்திருந்தால் பச்சைத் தண்ணீரும் சேர்ந்தே மெலிந்திருக்கும். ஒரே நாளில் திடீரென்று நின்றிருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லலாம். உங்கள் வீட்டில் வெந்நீர் மட்டும், அதுவும் சிறுகச் சிறுகக் குறைந்திருக்கிறது. அது உப்புக் காறை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரையாத கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது இன்னும் வேகமாகும். வெயில் காலத்துச் சோலார் தொட்டி அதைச் சாதாரணமாகத் தாண்டும். கீசரின் கடகடப்பும் இதுவே. காயிலைச் சுற்றிய காறைக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகிக் குமுறுகிறது. அப்படியே விட்டால் மின்கட்டணம் ஏறும், பிறகு காயில் போகும்.

சந்தேகம் இருந்தால் வெந்நீர் ஷவரின் முகத்தைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். விழுகிற வெள்ளைச் செதிலை ஒரு கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக் கரைந்தால் காறை. மணல் சும்மா கிடக்கும். இன்னொன்று: போர் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வைத்திருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து காலையில் பழுப்பாகியிருந்தால் இரும்புச் சத்தும் இருக்கிறது. கடினத்தன்மையைச் சரியாக அறியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் மிதப்பதைத்தான் பிடிக்கும். கரைந்திருப்பது அதன் வழியே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். சோலார் தொட்டிக்கு மேலே மேல்தொட்டி இரண்டடி உயரத்தில் இருந்தால் என்ன மிஞ்சும்? அந்த இடத்தில் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கார்ட்ரிட்ஜைச் செருகினால், நூலாக வருகிற வெந்நீர் சொட்டாகிவிடும். வெந்நீர் வெளியேறும் பக்கமோ கூடவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் குடுவை சூட்டுக்குச் செய்ததல்ல.

ஃபில்டருக்கு உரிய இடம், மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் குழாய். அங்கே தள்ளும் வேகம் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் போதும். சுமார் 130 மைக்ரானைவிடப் பெரிய துகள்களைப் பிடிக்கும், காரைக்குடியில் விவசாயக் குழாய் கடைகளில் கேளுங்கள். குழாயின் அளவிலேயே வாங்குங்கள். உடம்பிலுள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வால்வும், கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பும், சுற்றிப்போக ஒரு பைபாஸும் இருந்தால், கழுவும் நாளில் வீடு தண்ணீரின்றி நிற்காது. கைக்கெட்டும் உயரத்தில், நிழலில் பொருத்தச் சொல்லுங்கள். எட்டாத இடத்தில் வைத்த ஃபில்டரை யாரும் கழுவுவதில்லை என்பது இந்தத் தொழிலில் நான் கண்டது. தொட்டி நிரம்ப வழக்கத்தைவிட நேரமானால் கழுவும் வேளை வந்துவிட்டது. தட்டுகளைப் பிரித்து, பழைய பல்துலக்கியால் ஓடும் நீரில் தேய்த்தால் போதும். மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும்.

இரும்புச் சத்து இருந்தால் கணக்கு சற்று மாறும். காற்றுப் பட்ட பிறகே அது துருவாகப் பிரிவதால், பெரும்பகுதி ஃபில்டரைத் தாண்டி மேல்தொட்டியில்தான் வண்டலாகும். ஹீட்டருக்குப் போகும் குழாய் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து நான்கு விரல் மேலே இருக்கட்டும். வண்டலைத் திறந்துவிட அடியில் தனி வால்வு வைத்துக்கொள்ளுங்கள்.

காறையைத் தடுக்க உண்மையான வழி, ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் களைத்ததும் உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். இரும்பு ரெசினைக் கெடுக்கும் என்பதால் முதலில் அந்தச் சோதனை முக்கியம். விலை குறைவென்று பாஸ்பேட் குண்டுகள் விற்பார்கள். கீசருக்கு ஓரளவு உதவும், சோலாரின் சூட்டில் அவை சிதைந்துவிடும். குழாயில் காந்தம் மாட்டச் சொன்னால் நான் காசு கொடுக்க மாட்டேன். வளவு முற்றத்தில் விழும் மழைநீரில் காறை வைக்கும் உப்பு அநேகமாக இல்லை. அதைத் தனித் தொட்டியில் சேர்த்து ஹீட்டருக்கு மட்டும் விட முடிந்தால் சாஃப்ட்னர் செலவே மிச்சம்.

இப்போதிருக்கும் காறையைக் கரைக்கத்தான் வேண்டும். கீசரின் மின் இணைப்பை மெயினிலேயே அணைத்து, ஆறவிட்டு, நீரை வடித்த பிறகு காயிலைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் உலோகத் தொட்டியை அரித்துவிடும். கிட்டக் கொண்டுபோகக் கூடாது. காயிலோடு இருக்கும், தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியத் தண்டு கரைந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு சூட்டை 55 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம்.

சோலார் தொட்டியிலும் குழல்களிலும் காறை எடுக்கும் வேலையை விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். வெயிலில் காய்ந்த வெற்றுக் குழலின் சூடு நூறு டிகிரியை எளிதில் தாண்டும். பச்சைத் தண்ணீர் பட்டதும் கண்ணாடி படீரென்று உடையும். நேரமாகிவிட்டால் குழல்களைத் தார்ப்பாயால் மூடி, மறுநாள் காலை நிரப்பட்டும். தொட்டி மேலிருக்கும் காற்றுக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்க விடாதீர்கள். கழற்றிய குழல்களுக்குப் புது ரப்பர் வளையம் வாங்கிக் கொடுங்கள். எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டால், எங்காவது கசிந்தாலும் விருந்தாளிகள் வருவதற்குள் சரிசெய்துவிடலாம்.