பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் பைக்: ஓசூர்க்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: எனக்கு 46 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். 2011-ல் குவைத்துக்குப் போகும்வரை ஸ்பிளெண்டர் ஓட்டினேன். அங்கே கார் மட்டும்தான். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஒகேனக்கல், அஞ்செட்டி, வத்தல்மலை என்று சுற்றிவர ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்க ஆசை. உயரம் 5 அடி 5 அங்குலம். சில சமயம் மனைவியும் பின்னால் உட்காருவார். மகன் கே.டி.எம். 390 எடுக்கச் சொல்கிறான். ஓசூரில் தெரிந்த புரோக்கர் ஒருவர், இரண்டு வருஷம் ஓடிய ஹிமாலயன் 450, கே.ஏ. நம்பர், 2 லட்சத்து 10 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். பேர்கூட மாற்ற வேண்டாமாம். என் லைசென்ஸ் 2021-ல் முடிந்துவிட்டது. எதை எடுக்கலாம்?

பதில்: ஓசூர்க்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் வண்டி.

விளம்பரத்தில் பவரும் டார்க்கும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு இரண்டு எண்கள்: எடை, சீட் உயரம். நீங்கள் ஓட்டிய ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, சீட் 785 மில்லிமீட்டர். ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ, அதோடு வரும் சீட்டை எவ்வளவு இறக்கி வைத்தாலும் 825. கூடுதல் 84 கிலோ என்பது ஒன்றரை மூட்டை சிமெண்டுக்கு மேல். அந்த மூட்டை தரையில் இல்லை, உங்கள் தொடை உயரத்தில் இருக்கிறது.

பல வருஷம் விட்டுவிட்டு ஓட்டுகிறவர் எண்பதில் போகும்போது விழுவதைவிட, நிறுத்தும்போது விழுவதுதான் அதிகம். என் பட்டறைக்கு இப்படி வந்த ஒருவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். கிருஷ்ணகிரி அணைக்குப் போகும் வழியில் டீக்கடை முன்னால் நிறுத்தியிருக்கிறார். இடது காலை ஊன்றிய இடம் ஜல்லி. கால் ஒரு சாண் வழுக்கியது. வண்டி சாய ஆரம்பித்தபோது பிடித்துவிடலாம் என்று நினைத்தார். 20 டிகிரி தாண்டிச் சாய்ந்த 200 கிலோவை யாராலும் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலக வேண்டும். அவர் விடவில்லை. கிளட்ச் லீவர் உடைந்தது, கணுக்காலும் உடைந்தது. லீவருக்கு 400 ரூபாய் வாங்கினேன்.

ஆகவே ஷோரூமில் ஷூ போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் படுகிறதா, அல்லது ஒரு காலாவது முழுசாகப் படுகிறதா? பட்டால் போதும், இரண்டு குதிகாலும் பட வேண்டியதில்லை. அப்புறம் இறங்கி, வாசல் சரிவில் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். விற்பனைப் பையன் 'நான் தள்ளித் தரேன் சார்' என்று ஓடி வருவான், வேண்டாம் என்று சொல்லுங்கள். விழுந்த வண்டியைத் தூக்கும் விதத்தையும் யாராவது நண்பர் வண்டியில் பழகுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட்டு, கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில்பார், ஒரு கை பின் கம்பி, காலால் உந்தி எழ வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் மூன்று மாதம் படுக்கைதான்.

உங்கள் கணக்குக்கு 250-லிருந்து 300 சிசி, 180 கிலோவுக்குள். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 167 கிலோ. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். 2025 அக்டோபரில் விட்ட அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300-ம் சுமார் 180 கிலோ. இரண்டிலும் சீட் 835, ஆனால் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கும், எனவே எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் அலாய் வீல், டியூப்லெஸ் டயர். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டு ரோட்டில் பஞ்சரானால் புரியும். யானை நடமாடும் இடம். டியூப்லெஸ் என்றால் திரியைச் செருகி, சின்ன பம்பில் காற்றடித்துப் போய்விடலாம். ஸ்போக் வீலில் டியூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். மண்பாதையே பிரதானம் என்றிருந்தால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-ஐச் சொல்லியிருப்பேன். நீங்கள் போகிற இடமெல்லாம் பெரும்பாலும் தார் ரோடு.

மகன் சொல்லும் 390-ல் 46 குதிரைத் திறன். உங்கள் கை பழகியது எட்டு. வண்டி நல்ல வண்டிதான், உங்கள் முதல் வண்டி அது இல்லை. தவிர 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்குள் 18. ஹிமாலயன் 450-க்கும் இதே கதைதான்.

லைசென்ஸ் 2021-ல் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் வெறும் புதுப்பிப்பு நடக்காது, திரும்பவும் டெஸ்ட் உண்டு. 40 வயதைத் தாண்டிவிட்டதால் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றும் வேண்டும். அதை முடிக்காமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்: செல்லும் லைசென்ஸ் இல்லாமல் அடிபட்டால், வண்டிச் சேதத்துக்கும் உங்கள் பெயரில் கட்டாயமாகப் பிடிக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் கம்பெனி கையை விரித்துவிடும். டெஸ்டில் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஓர் எட்டு போடுவீர்கள், கால் ஊன்றாமல் வந்தால் பாஸ். அந்த எட்டைப் போட்டவருக்கு அடுத்த நாளே 1,250 சிசி வண்டியையும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 100 சிசிக்கும் அதற்கும் ஒரே லைசென்ஸ். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அலுவலகத்தில் இன்றைக்குக்கூட 'அந்த கவுன்டருக்குப் போங்க' என்றுதான் சொல்வார்கள்.

சரி, ஓசூருக்கு வருகிறேன்.

பெங்களூர் ஐ.டி. பையன்கள் ஆசையில் வாங்கி, இரண்டு வருஷத்தில் சலித்து விற்கும் வண்டிகள் அத்திப்பள்ளியைத் தாண்டி நம் பக்கம் வந்துகொண்டே இருக்கின்றன. 'சிங்கிள் ஓனர், வீக்எண்டு மட்டும் ஓட்டினது, அண்ணா' என்பார்கள். வண்டி நன்றாகவே இருக்கும். கெட்டது வண்டியில் இல்லை, காகிதத்தில். 'பேர் மாற்ற வேண்டாம்' என்றால் என்ன பொருள் தெரியுமா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பெங்களூர்க்காரரிடம் வெறும் கையெழுத்து வாங்கி, அதை வைத்துக்கொண்டு மூன்று கை மாறிய வண்டி அது. நாளைக்கு விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரைத் தேடுவார்கள். வண்டிச் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் கேட்டால் 'இது உங்கள் வண்டியே இல்லையே' என்பார்கள். சட்டப்படி வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 2.10 என்பது 2.10 இல்லை. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் டி.என். நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குக் கர்நாடக ஆர்.டி.ஓ. படிவம் 28-ல் தரும் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, போலீஸ் குற்றப் பதிவு சரிபார்ப்பு, இங்கே மறுபடியும் ஆயுள் வரி. புது வண்டிக்கு 1 லட்சத்துக்கு மேல் என்றால் 12 சதவீதம், பழையதற்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் வரி வரிதான். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கியவர்களிடம் எத்தனை முறை நடந்தார்கள் என்று கேளுங்கள். கே.ஏ. வண்டியே வேண்டாம் என்பது என் முடிவு.

நானே இதில் சிக்கியவன். பத்து வருஷத்துக்கு முன் என் மச்சானுக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுத்த வண்டியை, கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கத்தில் மூன்று பேர் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஏழு மாத டியூ பாக்கி. புரோக்கரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவன், ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று கடனைக் காட்டும் வரியைப் படிக்கவில்லை. மச்சான் இன்றைக்கும் பொங்கலுக்கு வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவான். இப்போது எம்-பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் நம்பரைத் தட்டினாலே கடன், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கொடுக்கும் என்.ஓ.சி.யோடு படிவம் 35 போட்டு நீக்கிய பிறகுதான் பணம்.

பழையது வாங்கினால் டி.என். 24, 29, 70 நம்பராக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் ஆதாரோடு நேரில் வந்து நிற்கிற வண்டியாக வாங்குங்கள். அவர் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு: அவர் இறந்துவிட்டிருந்தால். இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். காவேரிப்பட்டினத்தில் ஒரு வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியைப் பார்க்கப் போனேன். மீட்டரில் 9,000 கிலோமீட்டர். அந்த அம்மா தார்ப்பாயை முழுசாக எடுக்கக்கூட இல்லை, பாதியில் நின்றுவிட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு புரோக்கர் வந்து, 'இறந்தவர் கையெழுத்தை நான் பார்த்துக்கிறேன், அக்கா' என்று பாதி விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். கள்ளக் கையெழுத்துப் போட்டால் மாட்டுவது புரோக்கர் மட்டுமில்லை, அந்த அம்மாவும் வாங்குகிற நீங்களும்தான்.

சரியான வழி, வண்டி முதலில் அந்த அம்மாவின் பெயருக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, தாலுகா அலுவலகத்தின் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். ஒரு மகன் துபாயில் இருந்தால் அந்தச் சம்மதத்துக்கே மாதக்கணக்கு. அப்புறம்தான் அவர் உங்களுக்கு 29, 30-ல் கையெழுத்துப் போட முடியும். ஆர்.சி.யில் ஏற்கெனவே நாமினி போட்டிருந்தால் வேலை சுலபம், 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது, யாரும் போடுவதில்லை. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, முழுப் பணம் கொடுக்காமல், எழுத்தில் ஒரு சின்ன முன்பணத்தோடு காத்திருப்பது. அந்த வண்டிக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். பேட்டரியும் டயரும் மாற்றினேன், வேறு செலவில்லை.

வாங்கியதும் வத்தல்மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மாதம் தம்பி, பங்காளி யாருடைய ஸ்பிளெண்டரிலாவது காலையில் ஓட்டுங்கள். பின் பிரேக்கையே மிதித்துப் பழகிய கால் உங்களுக்கு. இப்போதைய வண்டியில் நிறுத்துவது முன் டிஸ்க். அப்புறம் ஸ்பிளெண்டரில் இல்லை, உங்கள் புது வண்டியில், காலி மைதானத்தில் நாற்பதில் போய், லீவர் துடிப்பது கையில் தெரியும்வரை முன் பிரேக்கை இறுக்குங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். தொப்பூர் கணவாய் இறக்கம் மூன்றாவது மாதத்துக்கு. ராயக்கோட்டை ரோட்டில் விடியற்காலை தக்காளி லோடு வண்டிகளோடு போட்டி போட வேண்டாம்.

ஷோரூமுக்கு உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். இந்த வண்டிகளில் பின் சீட் இன்னும் உயரம். சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தால் முழு எடையும் இடப்பக்கம் இழுக்கும், நீங்களோ விரல் நுனியில் நிற்பீர்கள். சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, நீங்கள் வண்டியைப் பிடித்திருக்க அவர் மூன்று முறை ஏறி இறங்கட்டும். அவர் தோளைப் பிடித்து ஏறும் அந்த நொடியில் உங்கள் கால் தடுமாறினால், அந்த மாடலை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.