அமெரிக்காவுல மாநில சட்டத்துலயே தீவிரவாதத்துக்கு உதவுனா குற்றமா?

ஆமாங்க, நாடு முழுக்கப் பொதுவான ஃபெடரல் சட்டம் இருக்குறது போக நிறைய மாநிலத்துல தனியாவும் இருக்கு. நியூயார்க்கையே எடுத்துக்குங்க, 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த ஒரே வாரத்துக்குள்ள சட்டம் போட்டுட்டாங்க, பணம், தங்க இடம், போலி ஐடி, ட்ரெய்னிங், வண்டின்னு எது கொடுத்தாலும் மாட்டுவீங்க, மதிப்பு 1,000 டாலரைத் தாண்டினா குற்றத்தோட கிரேடு கூடும், மருந்துக்கும் மத சம்பந்தமான பொருளுக்கும் மட்டும் விலக்கு.

ஆனா அங்க தீவிரவாதச் செயலுக்குப் பயன்படணும்ங்கிற நோக்கத்தோட கொடுத்ததா நிரூபிக்கணும். ஃபெடரல்ல அது தேவையில்ல, தடை செஞ்ச அமைப்புன்னு தெரிஞ்சே உதவுனா போதும், 20 வருஷம் வரைக்கும் ஜெயில். புலிகளும் குர்து ஆயுத அமைப்பான பிகேகேவும் சம்பந்தப்பட்ட 2010 வழக்குல, இந்த மாதிரி அமைப்புகளுக்கு அமைதியா பிரச்சனையைத் தீர்க்க சட்டம் சொல்லிக்கொடுக்குறதையே குற்றம்னு சொல்லிருச்சு சுப்ரீம் கோர்ட், என்னைக் கேட்டா அது ரொம்ப அநியாயம்.