2011இல் ரூஜ் ரிவரில் வென்றது யார்? இரண்டு விடைகளும் சரிதான்

கேள்வி: நாங்கள் டொரொண்டோவின் ஸ்காபரோவில், மல்வேர்னில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறோம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பழைய ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதப் பொறுப்பெடுத்திருக்கிறேன். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் வென்றதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அதே 2011இல் பாஸ் பல்கிசூன் வென்றதாக இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது? அந்தத் தொகுதி இப்போது எங்கே போனது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 2011 மே 2ஆம் திகதி நடந்தது கனடிய நாடாளுமன்றத் தேர்தல். அதில் ராதிகா புதிய ஜனநாயகக் கட்சியில் வென்று, ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். ஒக்டோபர் 6ஆம் திகதி நடந்தது ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். அதில் லிபரல் கட்சியின் பல்கிசூன் வென்றார், புதிய ஜனநாயகக் கட்சியின் நீதன் சாண் இரண்டாவதாக வந்தார். ஐந்து மாத இடைவெளி, தொகுதி மட்டும் அதேதான். ஆண்டை மட்டும் வைத்துத் தேடினால் யாரும் குழம்பத்தான் செய்வார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தொடக்கி வைத்தது அப்போதைய ஒன்ராறியோ முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு. 1996இல் செலவுக் குறைப்பு என்று சொல்லி, மாகாணசபையின் 130 தொகுதிகளை 103 ஆக்கி, நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்துக்கு 1988இலிருந்தே இருந்த ரூஜ் ரிவர், மாகாணத்துக்கு 1999 தேர்தலில்தான் வந்தது. அதற்கு முன்னர் இந்தப் பக்கம் ஸ்காபரோ நோர்த். அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், கீழே மறுபடியும் வரும்.

மாகாண ரூஜ் ரிவரில் மொத்தம் ஏழு தேர்தல்கள்தான்: 1999, 2003, 2005 இடைத்தேர்தல், 2007, 2011, 2014, 2016 இடைத்தேர்தல். முதல் ஆறும் லிபரல், கடைசி ஒன்று கன்சர்வேட்டிவ்.

முதல் இரண்டிலும் வென்றவர் ஜமெய்க்காவில் பிறந்த அல்வின் கேர்லிங். 1985இலிருந்தே ஸ்காபரோ நோர்த்தின் உறுப்பினர். 1995 டிசம்பரில் ஹாரிஸ் அரசின் பெரிய மசோதா ஒன்றை எதிர்த்து, சபாநாயகர் வெளியேறச் சொல்லியும் ஆசனத்தை விட்டு எழாமல் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் இவர்தான். பிறகு 2003இல் அவரே சபாநாயகரானார்! மலரில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள், வாசிப்பார்கள். 2005இல் டொமினிக்கன் குடியரசுக்குத் தூதுவராகப் போனதால் நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அதில் வந்த பல்கிசூன் 2016 மார்ச் வரை இருந்தார். நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

சுவாரசியம் 2016 செப்டெம்பர் 1இல்தான். நகரசபை உறுப்பினராகப் பல வருடம் இருந்த ரேமண்ட் சோ, 2014இல் மூன்றாவதாக வந்தவர், 79 வயதில் கன்சர்வேட்டிவாக வென்றார். லிபரலின் பிரகல் திரு இரண்டாவது, நீதன் சாண் மூன்றாவது. பிரசாரத்தின்போது, பாடசாலைப் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் பற்றிக் பிரவுண் பெயரில் ஒரு கடிதம் தொகுதிக்குள் போனது. அது பிழை என்று வாக்களிப்புக்கு முன்பே அவர் பின்வாங்கினார்.

"தமிழர் வாக்குப் பிரிந்ததால்தான் சோ வென்றார்" என்று நம்மவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இரண்டு தமிழ் வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் சோவுடையதை விட அதிகம் வரும், கணக்குச் சரி. ஆனால் வாக்குச்சீட்டில் யாருடைய தாய்மொழியும் இல்லை. ஒருவர் விலகியிருந்தால் அவருடைய வாக்கு மற்றத் தமிழருக்குத்தான் போயிருக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. எழுதுவதானால் "என்று பேசப்பட்டது" என்று எழுதுங்கள்.

எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று பார்க்க ஆசைப்படுவீர்கள். இலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ சாவடிவாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. முன்கூட்டிய வாக்குகள் அதில் தனி வரிசையாக வரும், அவற்றைத் தெருக்களுக்குப் பிரிக்க முடியாது. ஆகவே சாவடி எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தெருவுக்கு முடிவு கட்டாதீர்கள்.

இனி எல்லைகள். நாடாளுமன்றத்துக்குப் புதிய வரைபடம் 2004இல் வந்தது, மாகாணம் 2007இல்தான் பின்தொடர்ந்தது. அடுத்த வரைபடம் நாடாளுமன்றத்துக்கு 2015, மாகாணத்துக்கு 2018. அந்த 2018இல்தான் மாகாண ரூஜ் ரிவர் மறைந்து, ஸ்காபரோ நோர்த், ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்று பிரிந்தது. முதலாவதில் சோ, இரண்டாவதில் விஜய் தணிகாசலம், இருவரும் கன்சர்வேட்டிவ். இந்த ஸ்காபரோ நோர்த்தும் 1999க்கு முந்தையதும் பெயரில் மட்டும் ஒன்று, எல்லை வேறு. "கேர்லிங்கின் தொகுதியை 2018இல் சோ பிடித்தார்" என்று யாராவது எழுதித் தந்தால் வெட்டிவிடுங்கள்.

அப்புறம், பழைய படங்கள். முற்றத்தில் நட்ட பிரசாரப் பலகை தெரியும் படமென்றால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அடி ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் அனுமதி வரி இருக்கும். 'சி.எஃப்.ஓ', அதாவது பிரசாரத்தின் நிதி அலுவலர், அனுமதித்தது என்றிருந்தால் மாகாணத் தேர்தல். 'ஒஃபிசியல் ஏஜென்ட்' என்றிருந்தால் நாடாளுமன்றம். கட்சி நிறத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, இரண்டிலும் லிபரல் சிவப்புத்தான்.

படவிளக்கத்தில் எந்தச் சபை, என்ன திகதி என்பதைக் கட்டாயம் போடுங்கள். இப்போதும் இதே சிக்கல் இருக்கிறது. 2025 பெப்ரவரி மாகாணத் தேர்தலில் தணிகாசலம் வென்றது ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில். அதே ஆண்டு ஏப்ரலில் ஹரி ஆனந்தசங்கரி நாடாளுமன்றத்துக்கு வென்ற தொகுதி, ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க்.