அனுப்பிய அறிக்கையும் மறுபடி எடுத்த அறிக்கையும்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் வாகன உதிரிப்பாகங்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். விற்பனை, கையிருப்பு, கடன் நிலுவை என்று தினமும் ஏறத்தாழ 200 அறிக்கைகள் எங்கள் கிளைகளுக்கு மின்னஞ்சல் இணைப்பாகப் போகின்றன. பாதிக்கு மேல் யாரும் திறப்பதே இல்லை. பயனர்கள் சோம்பேறிகள், அனுப்பியதையே மறுபடி கேட்பார்கள். ஈப்போ கிளை மேலாளர் மட்டும் எல்லாவற்றையும் அச்சடித்துக் கோப்பில் போட்டு வைக்கிறார். அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிப்போம். இப்போது எல்லா அறிக்கைகளையும் ஒரே இடத்தில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தரவை வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளை வாங்கலாமா, கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் ஷேர்பாயிண்ட் போதுமா? எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கிளைகளை என்ன செய்வது? சென்ற வாரம் முழுக்க இரவு ஒன்பது மணிவரை இதே வேலைதான்.

ச., கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் இதே விஷயம்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டர்வொர்த்தில் தொழில் நடத்தும் நண்பர் ஒருவரிடம் தணிக்கையாளர், ஒரு வாடிக்கையாளரின் கடன் வரம்பை உயர்த்திய நாளில் பார்த்த நிலுவை அறிக்கையைக் கேட்டிருக்கிறார். நண்பரின் ஊழியர்கள் கணினியில் அதே தேதியைக் கொடுத்து அறிக்கையை மறுபடி ஓட்டி எடுத்து நீட்டினார்கள். அதில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு யாரும் அந்த வரம்பை உயர்த்தியிருக்க மாட்டார்கள். உயர்த்திய அன்று தொகை வேறாக இருந்தது. பிறகு செய்த திருத்தப் பதிவுகள் பழைய தேதியில் ஏறியிருந்தன. அன்று பார்த்த அறிக்கை யாரிடமும் இல்லை.

முதலில் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒரு கிளை மேலாளரின் அஞ்சல் பெட்டியில் காலைத் தேநீருக்கு முன் ஒரே மாதிரித் தலைப்புடன் வரிசையாக அறிக்கைகளைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அவர் திறக்கவில்லை என்பதற்காகச் சோம்பேறி என்று சொல்வது நியாயமில்லை. அனுப்பியதையே அவர் மறுபடி கேட்கிறார் என்றால், நீங்கள் அனுப்பியது அவரால் தேடி எடுக்க முடியாத இடத்தில் கிடக்கிறது என்று பொருள். ஈப்போ மேலாளரைச் சொல்லிச் சிரித்தீர்கள் என்று வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. உங்கள் நிறுவனத்துக்கு அறிக்கைக் காப்பகம் என்று ஒன்று உண்டென்றால், இன்றைக்கு அது அவருடைய அலமாரி மட்டும்தான்.

எண்பதுகளில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தேன். இரவு முழுவதும் ஓடும் கணக்குகளின் அறிக்கைகள், வெளிர்பச்சைக் கோடு போட்ட தொடர்தாளில், லைன் பிரிண்டரின் காதைப் பிளக்கும் சத்தத்தோடு விடியற்காலையில் வந்து விழும். ஓரத்துத் துளைப் பட்டைகளைக் கிழித்து, பக்கங்களைப் பிரித்து, காலை ஷிப்ட் தொடங்குவதற்குள் ஒவ்வொரு பிரிவின் மரப்பெட்டியிலும் வைத்துவிட வேண்டும். அச்சறைக்குப் பொறுப்பாக இருந்த மூத்த கிராணியை (எழுத்தரை) எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். எந்த அறிக்கை, எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை படி, யார் கையில் போனது என்று கெட்டி அட்டைப் பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அவர் ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படியைத் தைத்து அடுக்கிவிடுவார். யாராவது மறுபடி கேட்டு அச்சடித்தால் முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் ‘மறு அச்சு’ என்று எழுதித் தேதி போடுவார். இளைஞர்களாகிய எங்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

ஒரு மாத முடிவில் கையிருப்பு எண்ணிக்கையைப் பற்றி உற்பத்திப் பிரிவுத் தலைவருக்கும் ஸ்டோர் தலைவருக்கும் பெரிய சண்டை மூண்டது. இருவர் கையிலும் ஒரே பெயரும் ஒரே மாதமும் கொண்ட அறிக்கை. எண்கள் மட்டும் வேறு. அண்ணன் தைத்து வைத்த படியையும் பேரேட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒருவருடையது மாதக் கடைசி இரவில் ஓடியது. மற்றவருடையது ஒரு வாரம் கழித்து எடுத்த மறு அச்சு. இடையில், திரும்பி வந்த சரக்கு ஒன்று முந்தைய மாதத் தேதியில் பதிவாகியிருந்தது. இரண்டு எண்களும் சரியானவை. எது எப்போது யாருக்குப் போனது என்பது தெரிந்தவுடன் சண்டை முடிந்துவிட்டது.

நீங்கள் கட்டப்போகும் ‘ஒரே இட’த்தைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை இதுதான். ‘வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம்’ என்பதை, வேண்டியபோது தரவுத்தளத்திலிருந்து புதிதாக ஓட்டிக்கொள்ளலாம் என்று செய்துவிடாதீர்கள். இன்றைய நிலையைப் பார்ப்பதற்கு அது மிகவும் நல்ல வசதி. ஆனால் மார்ச் மாதம் எதைப் பார்த்துக் கொள்முதலைக் குறைத்தோம் என்று செப்டம்பரில் யாராவது கேட்டால், செப்டம்பரில் ஓட்டிய மார்ச் அறிக்கை அதற்குப் பதில் ஆகாது. அறிக்கை ஓடிய அந்தக் கணத்தில் அதை மாற்ற முடியாத படியாக உறைய வைத்து, ஓடிய நேரத்தையும், கொடுத்த தேதி வரம்பையும், பெற்றவர்களின் பட்டியலையும் அதனோடு சேர்த்துப் பதிந்து, மின்னஞ்சலில் அந்தப் படியின் சுட்டியை மட்டும் அனுப்புங்கள். தவறு கண்டுபிடிக்கப்பட்டால் பழைய கோப்பின் மேல் புதியதை எழுதாமல், திருத்தம் 1 என்று தனியாக வெளியிட்டு இரண்டையும் வைத்திருங்கள். கிளைவாரி அறிக்கைகளைக் கிளைக்கு ஒரு முறை ஓட்டாதீர்கள். ஒரே முறை ஓட்டி, அந்த முடிவைக் கிளைகளாகப் பிரித்து அனுப்புங்கள். வெவ்வேறு நிமிடங்களில் ஓடினால், இடையில் ஏறும் விற்பனைப் பதிவுகளால் கிளைகளின் கூட்டுத்தொகை தலைமையகத்தின் மொத்தத்தோடு பொருந்தாமல் போகும். பிறகு அந்த வித்தியாசத்தைத் தேடுவதற்கும் நீங்கள்தான் இரவு ஒன்பது மணிவரை உட்கார வேண்டும்.

பழைய தேதிப் பதிவு அபூர்வமாக நடப்பதுதானே என்று நினைக்க வேண்டாம். பதிவுகள் அப்படியே இருந்தாலும் அவற்றை வகைப்படுத்தும் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காட்டில் வந்த பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி, 2018 ஜூன் 1ஆம் தேதி சுழியமாகி, செப்டம்பர் 1ஆம் தேதி விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டிக்கு இடம் கொடுத்தது. பொருள் பட்டியலில் பழைய வரிக் குறியீட்டை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிய நிறுவனம், 2018 மே மாத விற்பனையை வரிவாரியாக இன்று ஓட்டினால், அந்த மாதத்தில் இல்லாத வரியின் கீழ் எல்லாம் வந்து நிற்கும். விற்பனையாளர் ஒருவரைக் கிள்ளானிலிருந்து சிரம்பானுக்கு மாற்றும்போதும், அவருடைய பழைய விற்பனையை எல்லாம் சேர்த்துக் கொண்டுபோய்விடும் மென்பொருள்கள் உண்டு.

கருவியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் 2004இல் வந்தபோதே, உறைந்த படிகளைத் தேதிவாரியாக வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. பவர் பிஐ தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் புதிய நிலையைத்தான் காட்டும். அன்றைய படி வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக எடுத்து வேறிடத்தில் சேர்க்க நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வேறிடமாக ஷேர்பாயிண்ட் தாராளமாகப் போதும், படிகளை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி அனுமதிகளைப் பூட்டி வைத்தால்.

மலேசியாவின் நிறுவனங்கள் சட்டம் 2016இன் 245ஆம் பிரிவு கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. வருமான வரிச் சட்டமும் 7 ஆண்டுகளே கேட்கிறது. அதற்காக அடையாள அட்டை எண்ணுடன் இருக்கும் கமிஷன் அறிக்கைகளை என்றென்றைக்கும் சேர்த்து வைக்காதீர்கள். 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகு அத்தகைய விவரங்களை வைத்திருக்க அனுமதிப்பதில்லை. பெறுநர் பட்டியலை ஆட்களின் பெயரில் வைக்காமல் பதவியின் பெயரில் வையுங்கள். வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் கடன் நிலுவை போய்க்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எக்ஸ்எல்எஸ் கேட்பவர்களிடம் மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்று முடிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனதற்கு இந்த எல்லைதான் காரணம்.

இருநூறையும் ஒரே மூச்சில் மாற்ற முயன்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாத முடிவுக் கையிருப்பு, கடன் நிலுவை ஆகிய இரண்டை மட்டும் இந்த மாதக் கடைசியில் இப்படி உறைய வைத்துப் பாருங்கள். மற்றவற்றில் யாரும் திறக்காதவற்றை ஒரு மாதம் அனுப்பாமல் நிறுத்தி வைத்து, எவற்றைக் கேட்டுத் தொலைபேசி வருகிறது என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.